அழகுத்தாய் வீட்டுச் சுவரில் மூன்று தட்டு

டொக். டொக். டொக்.

மூன்றே தட்டு. பிறகு சத்தமில்லை.

தேயிலை ஃபேக்டரியில் பகல் ஷிப்ட் முடித்து வந்த மோனிஷா, நனைந்த குடையை மடக்கக்கூட மறந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய மகள் தன்ஷிகா, இரண்டு வயசுக்காரி, அடுப்படிச் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தாள். தட்டிய கையை இன்னும் எடுக்கவில்லை. காதைச் சுவரோடு ஒட்டிவைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்டாள். கேட்டவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இங்க! இங்க!"

எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். சிமெண்டுத் தரையில் மல்லாக்கப் படுத்தாள். இரண்டு கையையும் நெஞ்சின்மேல் மடக்கி வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் அசைவே இல்லை.

மோனிஷாவின் கையிலிருந்து குடை நழுவியது.

இப்படிப் படுத்த இன்னொருத்தியை அவள் பார்த்திருக்கிறாள். போன ஆடி மாசம், இதே லயத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டு முற்றத்தில், பெஞ்சுமேல். நெஞ்சில் கையை மடக்கி, மல்லாக்க. அழகுத்தாயை அப்படித்தான் கிடத்தியிருந்தார்கள்.

குழந்தை தட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அழகுத்தாயின் வீடு. ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு!

"ஏங்க! இங்க ஓடி வாங்க!"

அவள் போட்ட கூப்பாட்டில், பின்கட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் மாரீஸ்வரன் ஓடிவந்தான். தரையில் கிடந்த மகளைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். 

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது யார் என்று இந்த எஸ்டேட்டில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, தரையில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். இன்னொருத்தன், வாயை மூடி நின்றுகொண்டிருக்கிறான்.

அந்தப் பக்கம் இருந்தது ஓர் ஊதாக்கீரி.

* * *

மாரீஸ்வரன் குமுளியில் ஜீப் ஓட்டுகிறவன். வெளியூர்க்காரர்களை மலை உச்சிக்கு ஏற்றிப்போய் மேகத்தைக் காட்டிக் கூட்டிவருவது தொழில். மழைக்காலத்தில் மேகம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். காசு கொடுத்துப் பார்க்க எவன் வருவான்? எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தின் கூரையையும் காற்று பிய்த்துப் போட்டுவிட்டது. ஆக, மோனிஷா ஃபேக்டரிக்குப் போனால் பிள்ளைக்குக் காவல் மாரீஸ்வரன்தான்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுகூட ஒன்றும் இல்லை. சோறு ஊட்டுவதுதான் கொடுமை. ஓர் உருண்டையை வாய்க்குள் தள்ளினால் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வெயில் மாறி மழை வரும்வரை உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது உருண்டை அவன் சட்டையில். மூன்றாவது சுவரில். சாயங்காலம் வந்து சட்டியைத் திறந்து பார்க்கும் மோனிஷா, "ஜீப்பு ஓட்டத் தெரியுது, பெத்த பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டத் தெரியலயா?" என்பாள். தினமும் அதே பாட்டு.

டிவி இருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பான். வீட்டில் டிவி கிடையாது. இருந்தது, மோனிஷா அதைக் கம்பத்திலிருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவளுடைய அக்கா மகன் நாலு வயசு வரைக்கும் அம்மா என்று கூப்பிடாதவன். சோப்பு விளம்பரத்தை மட்டும் வரி பிசகாமல் சொல்லுவான். அவன் கண்ணெதிரே டிவி ஓடாத நேரமே இல்லை என்று ஆஸ்பத்திரியில் அக்காவை ஒரு பிடி பிடித்தார்களாம். பக்கத்திலிருந்து கேட்ட மோனிஷாவுக்கு அன்றைக்கே முடிவாகிவிட்டது.

"மூணு வயசு முடியட்டும். அதுவரைக்கும் எம்பிள்ள கண்ணுல பொம்மப் படம் படக்கூடாது. போனும் கிடையாது. சத்தியம் பண்ணுங்க."

"சரி, பண்ணுறேன்."

"என் தலையில எதுக்குக் கை வைக்கிறீங்க? அவ தலையில வைங்க."

வைத்தான். குழந்தையின் உச்சி சூடாக இருந்தது. அந்தச் சூடு அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அழகுத்தாய் வீட்டுச் சாவி அவனிடம் வந்ததுதான் வினை. அவள் மகன் நல்லதம்பி, மாரீஸ்வரனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அம்மா காரியம் முடிந்து கிளம்பும்போது சாவியை இவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். "வருஷத் திதிக்கு வருவேன் மாப்ள. சாமானை எடுத்துக்கிட்டு வீட்டை எஸ்டேட்டுக்கு ஒப்படைச்சிருவோம். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமையில மட்டும் அம்மா படத்துக்கு ஒரு விளக்கு. வேற யாரை நம்பிச் சொல்ல?"

மாரீஸ்வரனும் வெள்ளிக்கு வெள்ளி தவறாமல் ஏற்றிக்கொண்டுதான் இருந்தான். மழை தொடங்கிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, இடுப்பில் தன்ஷிகாவோடும் கையில் தீப்பெட்டியோடும் உள்ளே போனான். அழகுத்தாயின் பழைய குண்டு டிவி மூலையில் இருந்தது. சாவதற்கு முந்தின வாரம்தான் அம்மாவுக்கு ஒரு வருஷத்துக்கும் சேர்த்து டிஷ்ஷுக்குப் பணம் கட்டியிருந்தான் நல்லதம்பி. ஆள் போய்விட்டாள், படம் இன்னும் போகவில்லை. 'சும்மா, வருதா பாப்போம்' என்றுதான் பட்டனை அமுக்கினான்.

ஊதா நிறத்தில் ஒரு கீரி வந்தது.

திரையில் நாலைந்து பிள்ளைகள் தரையை மூன்று தட்டுத் தட்ட, வளையிலிருந்து அந்தக் கீரி தலையை நீட்டி, "நான் இங்கதானே இருக்கேன்!" என்றது. ஒரு சுற்றுச் சுற்றி ஆடியது. கடைசியில் மல்லாக்கப் படுத்து, நெஞ்சில் கை மடக்கித் தூங்கிற்று. பிள்ளைகளும் அதே மாதிரிப் படுத்தார்கள்.

தன்ஷிகாவின் வாய் தானாகத் திறந்தது.

மாரீஸ்வரன் அந்த வாயைப் பார்த்தான். ஒரே ஓட்டமாகத் தன் வீட்டுக்கு ஓடிச் சோற்றுத் தட்டோடு வந்தான். உருண்டை உருட்டுவதற்குள் உருண்டை போனது. தட்டு காலி! தீப்பெட்டி அவன் சட்டைப்பையிலேயே கிடந்தது. விளக்கு மறந்தே போனது.

அன்றைக்குச் சாயங்காலம் மோனிஷா சட்டியைத் திறந்து பார்த்து, நம்பாமல் இன்னொரு தரம் பார்த்து, "முழுசையும் சாப்பிட்டாளா? அம்மாடி! நீங்க கெட்டிக்காரருங்க" என்று அவன் தோளில் தட்டினாள்.

கல்யாணமாகி அவள் அவனைக் கெட்டிக்காரன் என்று சொன்னது அதுதான் முதல்முறை. அந்த ஒரு சொல்லில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். பகலில் லயமே வேலைக்குப் போயிருக்கும், டிவிச் சத்தத்தைக் கூரைமேல் மழை அமுக்கிவிடும். ஒரு மணிநேரம் இரண்டானது. பிள்ளைக்கு ஒரு குட்டி நாற்காலி போய்ச் சேர்ந்தது. அவனுக்கு ஒரு தலையணை. அவள் கீரியைப் பார்ப்பாள், அவன் அழகுத்தாயின் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுப்பான். டிவிக்கு மேலே மாலை போட்ட படத்திலிருந்து அழகுத்தாய் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் தூக்கம் வரவில்லை. ஒருநாள் எழுந்து, படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி மாட்டினான்.

அப்புறம் நன்றாகத் தூக்கம் வந்தது.

* * *

"அடியே, அது அழகுத்தாயி மதினி செவுருல்ல?"

எதிர் லயத்துக் கற்பகம் தாவாயில் கையை வைத்தாள். லயத்தில் ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் அடுத்த வீட்டில் காது விழிக்கும். மோனிஷாவின் கூப்பாட்டுக்குப் பாதி லயம் வாசலில் நின்றது. தன்ஷிகாவோ கூட்டத்தைக் கண்ட உற்சாகத்தில் இன்னொரு தரம் சுவரைத் தட்டி, சுற்றி, படுத்தும் காட்டினாள்.

"பாரு, பாரு! கிடத்துன மாதிரியே கிடக்கா! இது பிள்ள வேலையா? உள்ள இருந்து ஒருத்தி கூப்பிடுறாடி."

"சும்மா இருங்கக்கா. அத்தை அப்படிப் பண்ண மாட்டாங்க" என்றாள் மோனிஷா.  பிரசவத்தின்போது பெற்ற தாய் இல்லாத அவளுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவள் அழகுத்தாய். குழந்தைக்கு முதல் தண்ணீர் ஊற்றியதும் அவள்தான்.

"உசுரோட இருக்கும்போது பண்ண மாட்டா, சரி. சாகிற அன்னிக்குக் காலையில என்ன கேட்டா? பிள்ளயக் கொண்டா, ஒரு தடவ மடியில வச்சுக்கிறேன்னு கேட்டாளா இல்லியா? நீ என்ன சொன்ன?"

மோனிஷா தலையைக் குனிந்தாள். "சளி பிடிச்சிருக்கு, சாயங்காலம் தூக்கிட்டு வரேன்னு சொன்னேன்."

"சாயங்காலம் ஆளே இல்ல. ஆசை அங்கனயே நிக்குதுடி."

மோனிஷா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். "நான் குடுத்திருக்கணும்… கேட்டப்பவே குடுத்திருக்கணும்…"

மாரீஸ்வரன் பக்கத்தில்தான் நின்றான். 'அடி லூசுகளா, அது கீரி' என்று சொல்ல ஒரு விநாடி போதும். சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. கூட்டத்தைப் பார்த்தான். 'எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள். சத்தியம் வெளியே வரும். சாவி வெளியே வரும். கெட்டிக்காரன் பட்டம் போகும்.

"பிள்ளைக்குப் பசி போல" என்றான். 

நிறுத்திவிட்டால் எல்லாம் மறந்துவிடும் என்று கணக்குப் போட்டான். மறுநாளிலிருந்து அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. கணக்கு தப்பியது. கீரியைக் காணாத பிள்ளை விடிந்ததிலிருந்து சுவரைத் தட்டினாள். தட்டித் தட்டி விரல் சிவந்தது. "வா! வா!" என்று அழுதாள். சோறு தொடவில்லை. அழுத அழுகையில் உடம்பு காய்ந்தது.

"பாத்தீங்களா? விட மாட்டேங்குறா" என்றாள் மோனிஷா. அத்தை என்று சொல்லவில்லை. அதை அவன் கவனித்தான்.

காய்ச்சலைக் கண்டு அவனுக்கே உள்ளுக்குள் உதறல். பிள்ளை தலையில் அடித்த சத்தியமாயிற்றே! மோனிஷா வேலைக்குப் போனதும், ஒரே ஒரு தடவை, அழுகையை நிறுத்தட்டும் என்று தூக்கிக்கொண்டு போய்ப் பட்டனை அமுக்கினான். கீரி தலையை நீட்டியது, பிள்ளை சிரித்தாள், வெளியே எங்கோ மரம் முறிந்து சாய்கிற சத்தம். பட்டென்று கரண்டு போனது. கீரி போனது. பிள்ளை வீரிட்டாள். யாராவது வந்துவிடப் போகிறார்கள் என்று அவளை அள்ளிக்கொண்டு, கதவைப் பூட்டி, ஓட்டமாக வெளியே வந்தான்.

சுவிட்சை அணைத்தோமா என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

* * *

திதிக்கு வந்த நல்லதம்பி பையை இறக்கி வைப்பதற்குள் கற்பகம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள்.

அவன் நேராக மாரீஸ்வரனிடம் வந்தான். மழையில் நனைந்த முகம். நனைந்திருந்தது மழையில் மட்டும்தானா என்று தெரியவில்லை.

"கேட்டியாடா மாப்ள? எங்கம்மாவா இப்படி? ஒரு கோழிக்குஞ்ச விரட்டக்கூட மனசு வராதே அவளுக்கு."

"விடுடா… லயத்துல நாலு பேரு நாலு பேசுவாங்க."

"நான் சரியா செய்யலயோ? ஓவர்டைம் ஓவர்டைம்னு கிடந்தேன். பாக்க வரச் சொன்னா, தீபாவளிக்கு வரேன்னேன். அதான் போக மாட்டாம நிக்கிறாளோ?" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ விளக்கு ஏத்துனியேடா, அந்த வரைக்கும் நிம்மதி. உனக்குத்தான் நான் கடன்பட்டிருக்கேன். சரி, சாவியைக் குடு. உள்ள போயி அவ படத்துக்கு முன்னால ஒரு நாழி உக்காந்து பேசுறேன்."

மாரீஸ்வரனின் கை தானாக இடுப்பைத் தொட்டது. அரைஞாண் கயிற்றில் சாவி சில்லென்று உறுத்தியது. உள்ளே குட்டி நாற்காலி. தலையணை. சுவரைப் பார்த்துத் தொங்குகிற படம்.

"சாவி… ஜீப்புல எங்கியோ விழுந்துருச்சுடா. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப பூட்டை உடைச்சிருவோமா?"

"வேணாம்!" குரல் அவனுக்கே அதிகமாகப் பட்டது. தணித்துக்கொண்டான். "பிள்ளைக்கு வேற காய்ச்சல். கோடாங்கி வரட்டும், கேட்டுக்கிட்டுத் திறப்போம்."

கோடாங்கி என்றால் உடுக்கை அடித்துக் குறி சொல்லி, போகாத ஆவியைக் கட்டிப்போடுகிற ஆள். அந்தச் சொல்லை அதுவரை கற்பகம்கூட வெளியே விடவில்லை. கேட்டதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாரீஸ்வரன் வாயாலேயே வந்துவிட்டது!

ஆடி வெள்ளிக்கிழமை மத்தியானம். கம்பத்திலிருந்து பஸ்ஸில் குமுளி வந்து இறங்கிய கோடாங்கி சுடலைமணியை அழைத்துவர மாரீஸ்வரனின் ஜீப்பே போனது. வேறு யார் போவார்கள்? சுடலைமணி முன்சீட்டில் உடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு ஏலக்காய்க் கடைகளை வேடிக்கை பார்த்தார்.

"தம்பி வீட்டுல டிவி இருக்கா?"

மாரீஸ்வரனுக்கு கியர் மாறி விழுந்தது. "எதுக்குண்ணே கேக்குறீங்க?"

"இப்பல்லாம் முதல்ல அதைக் கேட்டுருவேன். போன மாசம் ஒரு வீட்டுல பையன் ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு வாள் வீசுறான்னு கூப்பிட்டாக. போயிப் பாத்தா, பேயும் இல்ல பிசாசும் இல்ல, கார்ட்டூனு! எனக்குப் பஸ் சார்ஜுதான் நட்டம்."

"எங்க வீட்டுல டிவி இல்லண்ணே."

அது பொய் இல்லை. அதுதான் அவனை இன்னும் குறுக வைத்தது.

"இல்லியா?" சுடலைமணி உடுக்கைக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "அப்ப இது நெசமான கேசுதான்."

* * *

அழகுத்தாய் வீட்டு வாசலில் கோலம், சூடம், எலுமிச்சம்பழம். லயமே முற்றத்தில் குடை பிடித்து நின்றது. மரம் சாய்ந்ததிலிருந்து கரண்டு இல்லை. லைன்மேன் மேலே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மோனிஷா குழந்தையை மடியில் வைத்து மணைமேல் உட்கார்ந்திருந்தாள். சுடலைமணியின் உடுக்கை உறுமியது. தன்ஷிகா அதையும் கைதட்டி ரசித்தாள்.

"பாசத்துல வந்திருக்கா" என்றார் கோடாங்கி. "கெட்டது இல்ல. ஆனா பாசமும் பிள்ளைக்கு ஆகாது. வாசல் நிலையில ஒரு ஆணி. ஏழு அடி. பெத்த மகன் கையால அடிக்கணும். அதுக்குப் பெறகு உள்ள இருக்கிறவ வெளிய வர மாட்டா. வெளிய இருக்கிற யாரையும் பாக்கவும் மாட்டா."

நல்லதம்பி சுத்தியலை வாங்கினான்.  "என்னையுமா?"

"உன்னையும்தான்."

"கதவைத் திறந்து, ஒரே ஒரு தடவ முகத்தைப் பாத்துட்டு அடிக்கட்டுமாண்ணே? படத்தைத்தான்."

கோடாங்கி யோசித்தார். "அதுல தப்பில்ல…"

"திறக்க வேணாம்!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள். மாரீஸ்வரன். "திறந்து, அது வெளிய வந்துட்டா? என் பிள்ளைக்கு என்ன கதி? அப்படியே அடிங்க."

சொன்னது தன் வாய்தான் என்று அவனுக்கே நம்ப முடியவில்லை. தன் நாற்காலியையும் தலையணையையும் மறைக்க, ஒருத்தனைப் பெற்ற தாயிடமிருந்தே பூட்டச் சொல்கிறான். மாரீஸ்வரன் வீட்டில் அடுப்பெரியாத நாளெல்லாம் அவனுக்கும் சோறு போட்ட தாய். காது இரண்டும் தீயாய்ச் சுட்டது. 

நல்லதம்பி அவனைப் பார்த்துத் தலையசைத்தான். "சரிதான் மாப்ள. பிள்ளதான் முக்கியம்."

ஆணியை நிலையில் வைத்தான்.

டொக்.

"அம்மா, மன்னிச்சிரு."

டொக்.

டொக்.

மூன்றாவது அடி விழுந்ததும் மோனிஷாவின் மடியிலிருந்து தன்ஷிகா துள்ளி இறங்கினாள். "இங்க! இங்க!" என்று கதவை நோக்கி ஓடினாள். மோனிஷா அலறிக்கொண்டு பின்னாலேயே பாய்ந்தாள். அதே நேரம், வரிசையாக லயத்து விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. "கரண்டு வந்துருச்சு!" என்று எங்கிருந்தோ ஒரு பயல் கத்தினான்.

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, உச்சஸ்தாயியில், ஒரு குரல்:

"நான் இங்கதானே இருக்கேன்!"

அவ்வளவுதான்! குடைகள் பறந்தன. கற்பகம் "ஆத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடிய வேகத்தில் கோலம் காணாமல் போனது. கோடாங்கி சுடலைமணியே உடுக்கையைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்வாங்கினார். மோனிஷா குழந்தையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நல்லதம்பி ஓடவில்லை. சுத்தியலை எறிந்துவிட்டு வாசற்படியில் விழுந்தான். நெற்றியைக் கதவில் வைத்தான்.

"அம்மா! நான் அடிக்கலம்மா! இனிமே அடிக்கலம்மா! தீபாவளிக்கு வரேன்னு சொல்லித் தள்ளிப் போட்டுட்டேன்மா… இங்கயே இரு, எங்கயும் போகாத… நான் வந்துட்டேன்மா!"

முப்பது வயசு ஆண், சின்னப் பிள்ளை மாதிரிக் கதவைக் கட்டிக்கொண்டு அழுதான். உள்ளே கீரி ஜாலியாகப் பாடியது.

 மாரீஸ்வரனுக்கு இன்னமும் ஒரு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் பேய் என்றே முடிந்துபோகும். கரண்டு நின்றதும் குரலும் நிற்கும். ஆனால் அந்த அழுகையைக் காதில் வாங்கிக்கொண்டு அந்த வழியில் ஓரடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. கை இடுப்புக்குப் போனது. அரைஞாண் கயிற்றோடு சாவியை இழுத்து அறுத்தான்.

"நல்லதம்பி. எந்திரிடா."

நல்லதம்பி நிமிர்ந்து பார்த்தான். முதலில் முகத்தை. அப்புறம் சாவியை.

"அது டிவிடா" என்றான் மாரீஸ்வரன்.  "பிள்ளங்க பாக்குற படம். நான்தான்… நான்தான் போட்டேன்."

கதவைத் திறந்தான்.

டிவி என்று கேட்டதும் ஓடிய கால்களெல்லாம் திரும்பி வந்தன. கழுத்துகள் நீண்டன. மூலையில் டிவி. அதற்கு முன்னால் மகளின் குட்டி நாற்காலி. அதைச் சுற்றிக் காய்ந்த சோற்றுப் பருக்கை, பிஸ்கட் தூள், எறும்பு. கட்டிலில் மாரீஸ்வரன் வீட்டுத் தலையணை, தலை பதிந்த குழியோடு. எண்ணெய் காய்ந்து கறுத்த விளக்கு. சுவரில், முகத்தைத் திருப்பிக்கொண்டு தொங்கும் ஒரு படம். உதிர்ந்த மாலையின் நூல் மட்டும் பின்பக்கத்தில் தெரிந்தது.

தன்ஷிகா அம்மாவின் கையிலிருந்து வழுக்கி இறங்கினாள். வழி தெரிந்தவளாக நேரே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டிலைக் கையால் தட்டி, அப்பனைத் திரும்பிப் பார்த்து, "ப்பா, தூங்கு!" என்றாள்.

கூட்டத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் மோனிஷா.

"மழை ஆரம்பிச்சதுல இருந்து."

"அன்னிக்கு நான் அழுதேனே. கேட்டப்பவே குடுத்திருக்கணும்னு. நீ பக்கத்துலதான நின்ன?"

அவள் அவனை நீ என்று சொன்னதில்லை. கோபத்தில்கூடச் சொன்னதில்லை. இப்போது கோபம்கூட இல்லாமல் சொன்னாள்.   டிவியை அணைத்தாள், கீரிக்காக வீரிட்ட பிள்ளையை இடுப்பில் ஏற்றினாள், சுவரில் தொங்கிய படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். "அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

நல்லதம்பி படத்தை எடுத்துத் திருப்பினான். சட்டையின் முனையால் கண்ணாடியைத் துடைத்தான். அழகுத்தாய் எப்போதும் போலச் சிரித்தாள். மாரீஸ்வரன் தடுமாறிக்கொண்டே மாடத்திலிருந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்தான். தீப்பெட்டியைத் திறந்தான்.

"நீ ஏத்தாத" என்றான் நல்லதம்பி.

சத்தமாகச் சொல்லவில்லை. திட்டவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட மாரீஸ்வரன் பிழைத்திருப்பான்.

தீப்பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சுடலைமணி உடுக்கையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டே, "கேட்டேன்ல தம்பி?" என்றார். "வேற வண்டி பிடிச்சுப் போய்க்கிறேன்." கற்பகம் வாளியோடு குழாயடிக்குப் போனாள். இன்னும் நாலைந்து பேர் போனார்கள். அவனைத் தாண்டும்போது எல்லோருக்கும் தரையில் பார்ப்பதற்கு ஏதோ இருந்தது.

நிலையில் ஆணி பாதி இறங்கி நின்றது. கிடந்த சுத்தியலை எடுத்து, அதன் பிளந்த முனையை மாட்டி இழுத்தான். நனைந்த பலா மரம், விடவில்லை. காலைப் படியில் ஊன்றி இன்னொரு தரம் இழுத்தான். கிறீச்சென்று கொஞ்சம் அசைந்தது. உள்ளே விளக்கு வெளிச்சம் விழுந்தது. நல்லதம்பி அம்மாவிடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கியிருந்தான்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அவன் வீட்டுக்குள்ளிருந்து, டொக், டொக், டொக்.

தட்டிவிட்டுப் பிள்ளை காத்திருந்தாள். குழாயடியில் வாளி நிறைகிற சத்தம் மட்டும். இன்னொரு தரம் தட்டினாள்.

கீரி மாதிரி, 'நான் இங்கதானே இருக்கேன்' என்று அவன் சொல்லத்தான் வேண்டும். மாரீஸ்வரனுக்கு வாய் எழவில்லை. குனிந்து ஆணியை இழுத்துக்கொண்டிருந்தான்.